விழுந்த எழுத்து

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பஸ்ஸில், என்னோடு வேலை பார்த்த அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அடிவாரம் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறும். ஒரு வளைவில் இடப்பக்கம் கிடந்த பள்ளம் அடுத்த வளைவில் வலப்பக்கம் வந்துவிடும். எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் பாதி வழிக்குப் பள்ளம்தான். அதனால் மூன்று பேர் உட்காரும் இருக்கையில் நடுவில் நெருக்கிக்கொண்டு, முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, கண்களை இறுக மூடிக்கொள்வார். தினமும் காலையில் ஏறி மாலையில் இறங்குகிறவர். வருஷக்கணக்கில் போய்வந்த அந்தப் பாதையைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் டீசல் வாசனையும் கண்டக்டரின் விசிலும்தான்.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அதற்கும் பயப்படுவார்.

அது தொண்ணூறுகளின் கடைசி. சேர்வராயன் மலையில் பாக்சைட் வெட்டி எடுக்கும் ஒரு கம்பெனியின் குவாரி ஆபீஸில் நான் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்திருந்தேன். எங்கள் வீடு ஏற்காடு டவுனில், சர்ச்சுக்குக் கீழ்த்தெருவில்; சேலம் போய்த் திரும்பும் நாட்களில் மட்டும் அக்காவோடு பஸ் ஏறுவேன். ஆபீஸில் இருந்த கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பு அக்கா. என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். கணவருக்குச் சேலத்தில் மருந்துக்கடை. ஒரே மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கி, கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு டிப்ளமாவும் முடித்திருந்தார். ஆனால் கம்பெனியில் யாருக்கும் அந்தப் படிப்பு நினைவில் நின்றதில்லை. லோடுமேன்கள் அவரை 'நடுக்கத்தம்மா' என்பார்கள்.

எதற்குத்தான் பயமில்லை அவருக்கு? பனி இறங்கினால் ஆபீஸுக்கும் ஸ்டோர் ரூமுக்கும் நடுவில் இருக்கும் வாசலைத் தனியாகக் கடக்கமாட்டார். "கண்ணு, சித்த கூட வாயேன்" என்று என் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். அந்தக் கை எப்போதும் சில்லென்று இருக்கும். தூரத்தில் எங்கோ இடி உருளும் சத்தம் கேட்டதும் எழுந்து ஓடி ஒவ்வொரு கம்ப்யூட்டராக நிறுத்தி, ஒயரைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுவார். பாதி அடித்த கடிதத்தைப் பறிகொடுத்துவிட்டு நாங்கள் கத்துவோம். "திட்டுங்க, பரவால்லீங்க. அது எரிஞ்சு போச்சுன்னா நான் எங்கீங்க போவேன்?" என்பார்.

கம்ப்யூட்டர் திரையில் சில நேரம் ஒரு சின்னப் பெட்டி முளைத்து, இதைச் செய்யட்டுமா, உறுதிதானா என்று ஆங்கிலத்தில் கேட்கும். நானெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சரி என்று தட்டிவிடுவேன். அக்கா அந்தப் பெட்டியைப் பார்த்ததும் கையை எடுத்துவிடுவார். உள்ளங்கை வியர்வையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

"நாம உறுதியா இருக்கமா கண்ணு?"

"இருக்கம்க்கா. தட்டுங்க."

"எதுக்கும் ஒருக்கா மறுபடி பாத்துக்கலாமா?"

இந்த ஒரு வாக்கியத்தை நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டே இருப்போம். பீரோ பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு நாலடி போனவர், திரும்பி வந்து மறுபடி இழுப்பார். டிபன் பாக்ஸ் மூடியைக்கூட இரண்டு முறை அழுத்துவார்.

அவர் எதைவிடவும் அதிகமாகப் பயந்தது கம்ப்யூட்டருக்குப் புது வெர்ஷன் போடும் நாளுக்குத்தான். அன்றைய கம்ப்யூட்டருக்குத் தானாகத் தமிழ் தெரியாது. வாங்கும்போது ஆங்கிலம் மட்டும்தான் இருக்கும். தமிழ் எழுத்துகளையும் அவற்றை அடிப்பதற்கான ஏற்பாட்டையும் ஃப்ளாப்பிகளில் தனியே வாங்கி, அடியில் ஓடும் சிஸ்டத்தின் மேல் ஏற்ற வேண்டும். தமிழ்ப் பேக் என்போம். ஹெட் ஆபீஸ் சொல்கிறபடி அடியிலிருக்கும் சிஸ்டத்தைப் புதிதாக மாற்றும்போதெல்லாம், மேலே ஏற்றிய தமிழ் ஆட்டம் கண்டுவிடும். மேனேஜர் ஒருமுறை, அதெப்படி, ஒன்றை மாற்றினால் இன்னொன்று கெடும் என்று கேட்டார். அக்கா அவர் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துச் சொன்னார்: "கீழ நிக்கறவர மாத்துனா தோள்மேல உக்காந்திருக்கறவரு உழுந்துருவாருங்க சார். மொதல்ல மேல இருக்கறவர எறக்கி ஓரமா உக்கார வெக்கோணும். அப்பறம் கீழ மாத்தோணும். அப்பறம் மறுபடி ஏத்தோணும்."

நான் சேர்ந்த வருஷம் ஒரு மாற்றம் வந்தது. ஹெட் ஆபீஸ் அவசரப்படுத்தியதால் அக்கா தமிழை இறக்காமலே புது வெர்ஷனைப் போட்டுவிட்டார். முடிந்ததும், தொழிலாளர்களுக்கான அறிவிப்பு ஒன்றைத் திறந்தேன். திரையில் ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை. தலையில் கொம்பும் காலில் புள்ளியுமாக ஏதேதோ அந்நிய எழுத்துகள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவைத் தேடினால் ஸ்டோர் ரூமில் சாக்கு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். எல்லாத் தமிழும் போய்விட்டது, இத்தனை வருஷத்து அறிவிப்புகளும் போய்விட்டன என்று நடுங்கினார். உண்மையில் எதுவும் போகவில்லை. பேக்கை மறுபடி ஏற்றியதும் எல்லாம் திரும்பிவிட்டன. ஆனால் அந்த நடுக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். மாற்றத்துக்கு முன்னால் அ முதல் ன வரை எழுத்து வரிசை முழுவதையும் ஒரு தாளில் அச்செடுப்பார். மாற்றம் முடிந்து தமிழை ஏற்றியதும் அதையே இன்னொரு தாளில் எடுப்பார். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக ஜன்னல் கண்ணாடியில் வைத்து, பென்சில் முனையால் எழுத்தெழுத்தாகத் தொட்டுக்கொண்டே போவார். க, கா, கி, கீ என்று உதடு அசையும். அரை நாள் போய்விடும். மேனேஜர் அந்தப் பக்கம் போகும்போது, "என்னம்மா, ஒண்ணாம் கிளாஸ் ஆரம்பிச்சாச்சா?" என்பார். எல்லோரும் சிரிப்போம். அக்காவும் சிரிப்பார். பென்சில் மட்டும் நிற்காது.

"மொத்தமாப் போனா பயமில்ல கண்ணு" என்றார் ஒரு நாள். "எல்லார் கண்ணுக்கும் தெரிஞ்சுரும். ஒண்ணே ஒண்ணு போச்சுன்னா? இருக்கற மாதிரியே இருக்குமல்ல?"

அவர் பயம் மெல்ல எனக்கும் ஒட்டிக்கொண்டு வந்தது. வீட்டில் அடுப்பை அணைத்துவிட்டுப் படுத்தவள் எழுந்துபோய் மறுபடி பார்க்க ஆரம்பித்தேன். அம்மா திட்டினாள்.

எங்கள் குவாரியில் மூன்று குழிகள். இரண்டாம் குழி தீர்ந்துபோய்த் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. ஒன்றிலும் மூன்றிலும்தான் வேலை. வெடி வைக்கும் நாளில் எந்தக் குழி, எத்தனை மணி என்று தமிழில் நோட்டீஸ் அடித்து ஆபீஸ் வாசலிலும் குவாரிக்குக் கீழேயிருந்த கீழூர் டீக்கடையிலும் பஸ் நிற்கும் இடத்திலும் ஒட்டுவோம். குழிகளைச் சுற்றி ஊர்க்காரர்கள் நடக்கும் தடங்கள் இருந்தன. எஸ்டேட்டுகளில் வேலைக்குப் போகிறவர்களும், கவாத்து செய்து வெட்டிப்போட்ட சிறுகிளைகளை விறகுக்குச் சுமந்து வருகிறவர்களும் அவற்றில்தான் போவார்கள். பெரிய பாதையில் செங்கொடியோடு ஆள் நிற்பார். ஒற்றையடித் தடத்துக்கெல்லாம் ஆள் போட முடியாது. அங்கே நடக்கிறவர்களுக்கு நோட்டீஸ்தான் காவல். குழியின் எண்ணை எழுத்தால்தான் எழுத வேண்டும் என்று கம்பெனியில் கண்டிப்பு. எண்ணாகப் போட்டால் யாராவது ஒரு கோடு கிறுக்கி மாற்றிவிடுவார்களாம்.

அந்த வருஷம் மழைக்காலத்தில் மறுபடி ஒரு புது வெர்ஷன் வந்தது. ஹெட் ஆபீஸிலிருந்து இன்ஜினியர் ஒருவர் சி.டி. கொண்டுவருவதாகத் தகவல். சனிக்கிழமை போடுவதாக ஏற்பாடு. அக்கா வாரம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை எழுத்துத் தாளை அச்செடுத்துத் தயாராக வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லியிருந்தார். வியாழக்கிழமை மாலை, மறுநாள் வெடிக்கான நோட்டீஸை நான் அடித்து வைத்துவிட்டுப் போனேன். மூன்றாம் குழி. அன்றிரவு பெரிய மழை. காலையில் வளைவொன்றில் மரம் சாய்ந்து பஸ்கள் நின்றுவிட்டன. அந்தப் பனியில் ஆபீஸ் வேனில் தனியாக வர அக்கா பயப்படுவார் என்று தெரிந்ததால் பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்தேன். அவர் வந்து சேர்ந்து, நாங்கள் ஆபீஸுக்குள் நுழைந்தபோது வெயில் உச்சிக்கு வரும் நேரம். வெயில் எங்கே, ஜன்னலுக்கு வெளியே வெள்ளையாகப் பனி நின்றது.

இன்ஜினியர் அக்காவின் நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். வேறு மாநிலத்துக்காரர், நல்ல பையன். சனிக்கிழமை வேறு ஊருக்குப் போகவேண்டியிருப்பதால் முந்தின நாள் மாலையே வந்து கெஸ்ட் ஹவுஸில் தங்கி, விடிந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னார். தமிழைக்கூட இறக்கி ஏற்றிவிட்டாராம். ஒரு தமிழ்க் காகிதத்தை அச்செடுத்துப் பார்த்ததாகவும் அழகாக வந்ததாகவும் சொல்லிச் சிரித்தார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

அக்கா கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் கம்ப்யூட்டரைத் திறந்து எழுத்துத் தாளை அச்செடுத்தார். பழைய மாற்றத்தின்போது எடுத்த தாளை பீரோவிலிருந்து உருவிக்கொண்டு ஜன்னலுக்குப் போனார். வெளியே பனி, வெளிச்சம் போதவில்லை. டியூப்லைட்டுக்குக் கீழே நாற்காலியைப் போட்டு ஏறி நின்றார். க வரிசை, ச வரிசை, த வரிசை. ம வரிசையில் பென்சில் நின்றது.

"கண்ணு, இங்க என்ன இருக்குது பாரு."

மு இருந்தது. மெ இருந்தது. நடுவில் மூ இருக்க வேண்டிய இடம் வெறும் வெள்ளை.

பிறகு எங்களுக்கு விளங்கிய காரணம் சின்னது. கம்ப்யூட்டரின் எழுத்துப் பட்டியலில் மூ உட்கார்ந்திருந்த இடத்தைப் புது வெர்ஷன் வேறு எதற்கோ எடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அந்த ஒரு எழுத்து மட்டும் எங்கே வந்தாலும் அங்கே வெறும் இடைவெளி விழும்.

அக்கா நாற்காலியிலிருந்து இறங்கவில்லை. மேலே நின்றபடியே கேட்டார்: "இன்னைக்கு எந்தக் குழி?"

"மூணாவதுக்கா. நேத்தே அடிச்சு வெச்சுட்டனே."

"காலைல அச்செடுத்தது ஆரு?"

எங்கள் ரைட்டர் தன் மேசையிலிருந்து நிமிர்ந்தார். ஓய்வுபெற இன்னும் கொஞ்ச நாளே இருந்த தலைமைக் கணக்கர் அவர். முத்து முத்தான கையெழுத்து.

"அந்தத் தம்பி அச்செடுத்துப் பாத்த நோட்டீஸையே ஒட்டக் குடுத்துட்டனுங்க. ஒரு எழுத்து உழுந்திருந்துச்சு. 'ன்றாம் குழி'ன்னு நின்னுது. பத்து நாளா ஒண்ணாங்குழியிலதான வெடி? நாந்தான் பேனாவுல 'ஒ' போட்டு உட்டேன். ஏம்மா?"

ரைட்டரின் முகம் எங்கள் முகங்களைப் பார்த்துப் பார்த்து மெல்ல மாறியது.

அந்த நேரத்தில் முதல் சங்கு ஊதியது. இரண்டாவது ஊதினால் திரியைக் கொளுத்திவிடுவார்கள்.

மேனேஜர் ஜீப்பை எடுத்துக்கொண்டு சேலம் போயிருந்தார். வெடிக் கொட்டகைக்குப் போகும் டெலிபோன் கம்பி மழையில் அறுந்து கிடந்தது. ரைட்டர் ரிசீவரை எடுத்து ஹலோ ஹலோ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். மூன்றாம் குழியில் வெடி. ஊர் டீக்கடையில் ஒன்றாம் குழி என்று ஒட்டியிருக்கிறது. அதைப் படித்தவர்கள் ஒன்றாம் குழிப் பக்கம் போகாமல் எங்கே போவார்கள்?

அக்கா என் கையைப் பிடித்தார். "வா" என்றார். வாசலுக்கு வெளியே ஓடினோம். பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை. சில்வர் ஓக் மரங்கள் பக்கத்தில் வந்த பிறகுதான் மரமென்று தெரிந்தன. அக்கா வாய்விட்டு அழுதுகொண்டே ஓடினார்.

"எனக்குப் பயமா இருக்குது கண்ணு. எனக்கு நொம்பப் பயமா இருக்குது."

பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நின்றார். வலப்பக்கம் வண்டிப் பாதை, வெடிக் கொட்டகைக்கு. இடப்பக்கம் ஒற்றையடித் தடம், மூன்றாம் குழியின் பின்விளிம்புக்கு.

"நீ ஃபோர்மேன்கிட்ட ஓடு. நிறுத்தச் சொல்லு."

"நீங்க?"

அவர் என் முழங்கையிலிருந்து கையை எடுத்தார். பிறகு அவரைப் பனி மூடிவிட்டது. அழுகைச் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டது.

நான் கொட்டகையை அடைந்தபோது இரண்டாம் சங்கு ஊதி ஓய்ந்திருந்தது. ஃபோர்மேனும் ஆட்களும் இரும்புத் தகட்டுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகம் சுண்டிவிட்டது.

"திரி பத்த வெச்சாச்சேம்மா" என்றார்.

அவர் எழுந்து வெளியே பாய்ந்தார். இரண்டு பேர் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். அவர் அங்கிருந்தே ஊர்ப் பக்கமாகக் கத்தினார். எல்லோரும் கத்தினார்கள். பனி எங்கள் குரலை அப்படியே விழுங்கியது. பிறகு யாரும் கத்தவில்லை. காதைப் பொத்திக்கொண்டு மண்ணைப் பார்த்தபடி காத்திருந்தோம். என் வாழ்க்கையில் அதைப்போல நீண்ட காத்திருப்பு வேறு இல்லை. எனக்குத் தெரிந்த ஜெபமெல்லாம் மறந்துபோய், "அக்கா, அக்கா" என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது.

முதல் வெடியில் தரை என் முழங்காலை உதைத்தது. அடுத்து, அதற்கடுத்து. தகட்டின்மேல் கற்கள் விழுந்தன. எல்லாம் ஓய்ந்த பிறகு ஒரு மண்வாசனையும் மருந்து நெடியும் பனியோடு கலந்து வந்தன. ஃபோர்மேன் முதலில் ஓடினார். நான் பின்னால் ஓடினேன்.

மூன்றாம் குழியின் பின்விளிம்பில் விறகுச் சுமைகள் வரிசையாகக் கிடந்தன. ஒன்றின்மேல் ஒரு பெரிய கல் உட்கார்ந்திருந்தது. ஆள் யாரும் இல்லை. ஃபோர்மேன் கையைத் தலையில் வைத்துக்கொண்டார். அப்போது கீழே எங்கிருந்தோ முனகல் கேட்டது. தடத்துக்குக் கொஞ்சம் கீழே மழைத்தண்ணீர் போகும் ஒரு வாய்க்கால், அதன்மேல் சின்னக் கல்பாலம். பாலத்துக்கடியில் பெண்கள் ஒருவர்மேல் ஒருவராக நெருங்கிக் கிடந்தார்கள். வாய்க்காலின் வாயில், எல்லோருக்கும் வெளியே அக்கா. தோள்பட்டையில் கல் பட்டு ரவிக்கை முழுதும் ரத்தம். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது.

என்னைப் பார்த்ததும் கேட்டார்: "எல்லாரும் இருக்காங்களா கண்ணு? எண்ணிப் பாரு."

எண்ணிச் சொன்னேன்.

"மறுபடி எண்ணு."

எல்லோரும் இருந்தார்கள். உள்ளே போக இடமில்லாமல் அக்காவுக்குப் பக்கத்தில் கிடந்த வெள்ளையம்மா என்ற பெரியவருக்குக் கால் எலும்பு முறிந்திருந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் பல மாதம் கிடந்து, ஊன்றுகோலோடு வந்தார். அங்கே பார்க்கப் போனபோது அவர்தான் எனக்கு நடந்ததைச் சொன்னார்.

"டீக்கடையில ஒண்ணாங்குழின்னு படிச்சுச் சொன்னாங்க. சரி, அங்க வெடிச்சு முடியட்டும், இங்க பத்திரமா உக்காந்துட்டுப் போலாமுன்னு சுமைய எறக்கிட்டோம். சங்கு ஊதுச்சு, அப்பவும் நாங்க வெத்தல போட்டுட்டு உக்காந்திருக்கறோம். ஆரோ அழுதுட்டு ஓடியாறாங்க. என்னான்னு கேட்டா பேச்சு வல்ல அந்தப் புள்ளைக்கு. வாயத் தொறக்குது, சத்தம் வல்ல. என் கையப் புடிச்சு இழுக்குது."

"அப்புறம் எப்படிப் புரிஞ்சுதுங்க?"

"எங்க புரிஞ்சுது? ஒண்ணும் புரியல. ஆபீஸ்காரங்க வந்து அதட்டியிருந்தா, போங்க சாமின்னு உக்காந்தேதான் இருந்திருப்போம். அந்த மூஞ்சியப் பாத்தம் பாரு, எங்களுக்கும் பயம் புடிச்சுக்கிச்சு. இப்படி ஒரு மனுசி பயந்தா அங்க என்னமோ இருக்குதுன்னு ஓடுனோம். அவ்வளவுதான் கண்ணு."

அக்காவின் தோள் ஆறிற்று. இடது காது மட்டும் சரியாகக் கேட்காமலே போயிற்று. அவர் திரும்பி வேலைக்கு வந்த அன்று, ரைட்டர் எழுந்து நின்றார், உட்காரவில்லை. வெடி நடந்த அந்த நாளுக்குப் பிறகு அவர் யாரிடமும் பேசுவதில்லை; சாப்பாட்டைப் பிரிக்காமலே எடுத்துப் போவார். அக்கா நேராக அவர் மேசைக்குப் போனார்.

"நானா இருந்தாலும் 'ஒ'தானுங்க போட்டிருப்பேன். நீங்க உக்காருங்க."

அது பொய்யென்று ரைட்டருக்கும் தெரியும். அவர் உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்துக்கொண்டிருந்தார்.

அந்த வாரமே மேனேஜர் எங்களைக் கூப்பிட்டார். "இந்தத் தமிழ் வம்பே வேணாம். எல்லா மெஷின்லயும் அதை எடுத்துடுங்க. இனிமே நோட்டீஸ் இங்கிலீஷ்ல அடிச்சு ஒட்டிடலாம். ஹெட் ஆபீஸ்லயும் சரின்னுட்டாங்க."

மேனேஜர் அறையில் அக்கா எப்போதும் கதவோரமாகவே நிற்பார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். அன்றும் அங்கேதான் நின்றார். கைகளை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தார். துணி நடுங்கியதை நான் பார்த்தேன்.

"மாட்டேனுங்க சார்."

மேனேஜருக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன?"

"எடுக்க மாட்டேனுங்க. அவங்களுக்குத் தமிழ்தானுங்க படிக்க வரும். வேற ஆளு வெச்சு எடுத்துக்கங்க. எனக்குப் பயமா இருக்குதுங்க." தரையைப் பார்த்தபடி, "உங்கள எதுத்துப் பேசறதுக்கும் பயமாத்தானுங்க இருக்குது" என்றார்.

மேனேஜர், போங்கள் என்று கையை அசைத்தார். தமிழை யாரும் எடுக்கவில்லை. அக்கா சென்னைக்கு எழுதிப் போட்டு, மூ-வுக்கு வேறு இடம் கொடுத்த புதிய பேக்கை வரவழைத்து ஒவ்வொரு கம்ப்யூட்டராக ஏற்றினார். அதோடு வேலை முடிந்திருக்க வேண்டும். அவருக்கு முடியவில்லை. வெடி வைக்கும் நாட்களில் நோட்டீஸை ஒட்டிவிட்டு வந்த ஆளை நம்பாமல், தானே ஊருக்குள் நடந்து போக ஆரம்பித்தார். பனியிலும் போவார். நான் கூடவே போவேன். டீக்கடையிலும் வீட்டு வாசல்களிலும் நின்று சன்னக் குரலில் நோட்டீஸை வாசிப்பார். கேட்டவர்கள் எந்தக் குழி என்று திருப்பிச் சொன்னால்தான் அடுத்த வாசலுக்கு நகர்வார். ஆண்கள் முதலில் கேலி செய்தார்கள். பிறகு அவர் தலை தெரிந்ததுமே குழியின் பெயரைச் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

கடைசி வீடு வெள்ளையம்மாவுடையது. வாசித்து முடித்த பிறகு அக்காவால் ஆபீஸுக்குத் திரும்பி நடக்க முடியாது. சங்கு ஊதுவதற்குள் எங்காவது போய் ஒண்டிக்கொள்ள வேண்டும். வெள்ளையம்மா ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பாயை விரித்து அவரை உள்ளே உட்கார வைப்பார். இரண்டு சங்குக்கும் நடுவே அக்கா தலையை முழங்காலில் கவிழ்த்துக்கொள்வார். வெள்ளையம்மா அவர் கேட்காத காதை விட்டுவிட்டுக் கேட்கும் காதை மட்டும் தன் சொரசொரத்த உள்ளங்கையால் மூடிப் பிடித்துக்கொள்வார். வெடிச் சத்தத்தில் பரணில் இருக்கும் பாத்திரங்கள் நடுங்கி ஒன்றோடொன்று உரசும். அவை அடங்கும்வரை அந்தக் கை எடுபடாது.

பிறகு குனிந்து, முகத்தோடு முகம் வைத்துச் சொல்வார்:

"வெடிச்சு முடிஞ்சுது கண்ணு. எல்லாரும் ஊட்டுக்குள்ளதான் இருக்கறாங்க. நீ பஸ்ஸுக்குப் போ."